அத்தியாயம் 7: மஞ்சளா, வெள்ளையா?

திகன சந்தியில் ஏதாவது ஒரு ஹாட்வெயார் கடையில் மாலை நேரம் சற்று நின்றால் இந்தப் பேச்சு காதில் விழாமல் போகாது.

"நானா, ஒம்போது வோட் பல்ப் ஒண்ணு குடுங்க."

"வெள்ளையா, மஞ்சளாம்மா?"

"வெள்ளையே குடுங்க நானா. மஞ்சள் கரண்ட் இழுக்கும்."

கடைக்காரர் மறுத்துப் பேசுவதில்லை. அலுமாரியில் அடுக்கியிருப்பதும் பெரும்பாலும் வெள்ளைதான். அந்த அம்மா அதை வாங்கிப்போய் சாமி அறை, குசினி, படுக்கையறை, விறாந்தை என்று எல்லா இடத்திலும் ஒரே வெள்ளையை மாட்டுகிறார். இப்படி மாட்டிய வீடுகளைத்தான் திகனயிலிருந்து குண்டசாலை வரை இரவில் பாதையோரமாகப் பார்க்கிறோம். பணம் மிச்சமாகிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மிச்சத்தைத் தந்தது வெள்ளை நிறமல்ல. இந்த அத்தியாயம் அந்த ஒரு திருத்தத்தின் மேல்தான் நிற்கிறது. மஞ்சளாக எரிந்தாலும் வெள்ளையாக எரிந்தாலும் செலவு ஒன்றே. ஆகவே நிறத்தை அறையின் வேலையையும் பொழுதையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்.

நம்பிக்கை வந்த வழி தெளிவானது. நம் பெற்றோர் காலத்துக் குண்டு பல்ப் மஞ்சளாக எரிந்தது. கரண்டையும் அதுதான் தின்றது. 60 வோட் குண்டு பல்ப் ஒன்று தினமும் 5 மணித்தியாலம் எரிந்தால் மாதத்துக்கு 9 அலகு. ஏறக்குறைய அதே வெளிச்சத்தை 9 வோட் எல்.ஈ.டி. பல்ப் 1.35 அலகில் தந்துவிடும். நான்கு குண்டு பல்ப் இருந்த வீட்டில் 36 அலகு ஐந்தரைக்கும் கீழே இறங்கும். 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் மின் கட்டணம் ஏறியபோது, 60 அலகுப் படியைத் தாண்டாமல் இருக்கப் போராடிய குடும்பங்களுக்கு இந்த 30 அலகு பெரிய விஷயம். அந்தக் கஷ்ட காலத்தில் எல்.ஈ.டி. வீட்டுக்குள் வந்தது வெள்ளை உடுப்பில். அதனால் சிக்கனம் என்றால் வெள்ளை என்று மனதில் பதிந்துவிட்டது.

உண்மையில் எல்.ஈ.டி. பல்ப்பின் உள்ளே இருப்பது நீல ஒளி தரும் சிறு சில்லு. அதன்மேல் பூசிய பொசுபர் பூச்சு நீலத்தின் ஒரு பகுதியை மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாற்றுகிறது. மாற்றம் அதிகமானால் மஞ்சள் ஒளி, குறைந்தால் வெள்ளை ஒளி. அந்த நீலச் சில்லைச் சாத்தியமாக்கியதற்குத்தான் அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. 9 வோட் மஞ்சள், 9 வோட் வெள்ளை இரண்டுக்கும் மீற்றர் ஒரே மாதிரித்தான் ஓடும். மஞ்சளில் வெளிச்சம் ஒரு சிறிது குறையலாம்; கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியாது.

கல்லும் சேலையும்

ஒளியின் நிறம் பொருளின் நிறத்தை எவ்வளவு தூரம் மாற்றும் என்று நேரில் பார்க்க விரும்பினால், கண்டியில் நல்ல இரத்தினக்கல் கடை ஒன்றில் அலெக்சாந்திரைற் கல்லைக் காட்டச் சொல்லுங்கள். இலங்கை மண்ணிலும் கிடைக்கும் அபூர்வமான கல் அது. பகலில் வாசலுக்குக் கொண்டுவந்தால் பச்சை. உள்ளே குண்டு பல்ப்பின் கீழோ மெழுகுதிரிக்கு அருகிலோ பிடித்தால் சிவப்பு அல்லது ஊதா கலந்த சிவப்பு. கல்லில் உள்ள குரோமியம் மஞ்சள் பகுதி ஒளியை விழுங்கி, பச்சையையும் சிவப்பையும் விட்டுவிடுகிறது. பகல் ஒளியில் பச்சையும் நீலமும் தாராளம், அதனால் பச்சை வெல்கிறது. சுடர் ஒளியில் சிவப்பு தாராளம், அதனால் சிவப்பு வெல்கிறது. ஒரு விளக்கில் எந்த நிறக்கதிர் இல்லையோ, அந்த நிறத்தைப் பொருளால் திருப்பித் தர முடியாது.

கல் அபூர்வம், சேலை எல்லோர் வீட்டிலும் உண்டு. கண்டி கொழும்பு வீதியில் சேலைக்குப் பொருத்தமாக சட்டைத்துணி வாங்கியவர்களுக்கு இந்தப் பாடம் தெரியும். கடையின் டியூப் லைட்டின் கீழ் இரண்டும் ஒரே மரூன். வீட்டு முற்றத்தில் வெயிலில் விரித்தால் ஒன்று செம்மண், மற்றது நாவற்பழம். இரண்டு துணியும் வெவ்வேறு சாயத்தில் தோய்த்தவை. ஒரு குறிப்பிட்ட விளக்கின் கீழ் மட்டும் அவை ஒத்துப்போகின்றன. துணியை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்கு வந்து பார்க்கும் நம் அம்மாக்களின் பழக்கம் மிகச் சரியானது. அத்துடன் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: அந்தச் சேலை இரவு விருந்துக்கு என்றால், மஞ்சள் ஒளியிலும் ஒருமுறை பாருங்கள். மணப்பெண்ணை அலங்கரிப்பவர்களுக்கும் இதே அறிவுரை. மண்டபத்தில் மஞ்சள் விளக்கு என்றால், வெள்ளை விளக்கின் கீழ் மட்டும் செய்த அலங்காரத்தில் சிவப்பு தேவைக்கு மேல் தூக்கலாகிவிடும்.

பெட்டியில் பார்க்க வேண்டிய எண்கள்

வோட்டைத் தவிர வேறு எண்ணைப் பார்க்காமல் வாங்குவதுதான் நம் வழக்கம். வோட் சொல்வது செலவை மட்டும். வெளிச்சத்தின் அளவை லூமன் சொல்லும். பழைய 60 வோட் குண்டு பல்ப் தந்தது ஏறக்குறைய 700 லூமன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் அதிலிருந்து கணக்குப் பார்க்கலாம்.

ஒளியின் நிறத்தைச் சொல்வது கெல்வின். கொல்லன் உலையில் இரும்பு சூடேறும்போது முதலில் சிவப்பாகவும் பிறகு மஞ்சளாகவும் அதன்பின் வெண்மையாகவும் மாறும். இந்த அளவுகோல் பிறந்தது அந்த வெப்பநிலையிலிருந்துதான். அதனால் எண் சிறிதாக இருந்தால் மஞ்சள், பெரிதாக இருந்தால் நீலம் கலந்த வெள்ளை. கண்டி எசல பெரஹராவில் இரும்புக் கூடைகளில் கொப்பறா எரித்துக் கொண்டுபோகும் பந்தங்களின் ஒளி சுமார் 1900 கெல்வின். குண்டு பல்ப் 2700. கடையில் 'வோர்ம் வைட்' என்று விற்பவை 2700 முதல் 3000 வரை. நடுநிலை வெள்ளை 4000. 'டே லைட்' என்று பெட்டியில் போட்டிருப்பது 6500. மேகம் மூடிய பகல் வானத்தின் நிறம் அது. பெரஹராவின் அழகில் அந்தப் பந்தத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆடுவோரின் வெள்ளி நகையும் யானை உடையின் தங்க ஜரிகையும் அந்தச் செம்மஞ்சள் சுடரில்தான் உயிர் பெறுகின்றன. யானைகளின் உடையில் தைத்த சிறு மின்குமிழ்களும் அழகுதான். ஆனாலும் கண் முதலில் போவது பந்தத்தின் பக்கம்.

மூன்றாவது எண்ணைப் பலரும் பார்ப்பதே இல்லை. எனக்கு அதுதான் முக்கியம். சி.ஆர்.ஐ. என்பது நிறங்களை ஒரு விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு 100-க்கு இடும் புள்ளி. குண்டு பல்ப்புக்கு ஏறக்குறைய 100. நல்ல எல்.ஈ.டி.க்கு 80. மிக நல்லதுக்கு 90-க்கு மேல். பாதைகளில் செம்மஞ்சளாக எரிந்த பழைய சோடியம் விளக்குக்கு 25 வருவதே கடினம். அதன் கீழ் நிறுத்திய சிவப்புக் காரும் பச்சைக் காரும் மண்ணிறமாகவே தெரிந்தன.

80 என்பது நல்ல புள்ளிபோலத் தோன்றும். ஆனால் இந்தப் புள்ளியைக் கணக்கிடப் பயன்படும் எட்டு மாதிரி நிறங்களும் வெளிர் நிறங்கள். அடர் சிவப்பு அந்த எட்டில் இல்லை. அதனால் 80 வாங்கிய பல்ப் சிவப்பைக் காட்டுவதில் முழுத் தோல்வி அடையலாம். நம் வீடுகளில் இது சின்னக் குறை அல்ல. சிவப்பரிசிச் சோறு, மிளகாய்த்தூள் போட்ட பொல் சம்பல், குங்குமப் பொட்டு, பிள்ளைகளின் உதடும் கன்னமும், நம் தோலின் மாநிறம் எல்லாவற்றிலும் சிவப்பு ஓடுகிறது. சிவப்பில்லாத வெள்ளை ஒளியில் சோறு சாம்பல் பூத்ததுபோலவும், முகம் காய்ச்சலில் கிடந்து எழும்பியதுபோலவும் தெரிகிறது. சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் ஏன் களைத்துத் தெரிகிறார்கள் என்று யோசித்தால், பாதிக் காரணம் தலைக்கு மேலே தொங்கும்.

சிவப்புச் சீமெந்துத் தரை இன்னும் இருக்கும் வீடுகளுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மெருகு தேய்த்து மினுக்கிய அந்தத் தரை, 6500 கெல்வின் விளக்கின் கீழ் ஊதா கலந்த மண்ணிறமாக மங்கிவிடுகிறது. பார்த்தவர்கள் தரை பழசாகிவிட்டது என்று டைல் பதிக்க விலை கேட்கிறார்கள். முதலில் 3000 கெல்வினில், சி.ஆர்.ஐ. 90 போட்ட ஒரு பல்ப்பை ஒரு வாரம் மாட்டிப் பாருங்கள். பலா மரத்தில் செய்த கதவும் நாற்காலியும் அப்படித்தான். அந்த மரத்தின் தேன் நிறம் மஞ்சள் ஒளியில்தான் வெளியே வரும்.

அறை அறையாக

குசினியிலிருந்து தொடங்கலாம். அங்கே கண்ணை ஏமாற்றக் கூடாது. வெங்காயம் பொன்னிறமானதா கருகத் தொடங்கியதா, கோழி உள்ளே வெந்ததா, மீனின் செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பது நிறத்தை வைத்துத்தான். 4000 கெல்வின், சி.ஆர்.ஐ. 90 அல்லது அதற்கு அருகில். பல்ப்பை நடுக் கூரையில் மட்டும் போட்டால் சமைப்பவரின் நிழலே பலகையில் விழும். அடுப்புக்கும் வெட்டும் மேசைக்கும் மேலே, முன்பக்கமாக ஒன்று வேண்டும். சந்தையில் மீன் வாங்கும்போது, கடைக்காரர் சிவப்பு விளக்கு போட்டிருந்தால் மீனைப் பகல் ஒளிக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். தேயிலை சுவைத்துத் தரம் சொல்பவர்கள்கூட சாயத்தின் நிறத்தை யன்னல் ஓரத்துப் பகல் ஒளியில்தான் பார்க்கிறார்கள்.

ஹோலில் எல்லோரும் இரவில்தான் கூடுகிறோம். அங்கே 2700 முதல் 3000. கூரையில் ஒரு பெரிய வெள்ளைக்குப் பதிலாக, மூலைகளில் இரண்டு மூன்று சிறிய மஞ்சள் விளக்குகளைச் சுவரில் படும்படி வையுங்கள். ஒரே இடத்திலிருந்து கூசும் வெளிச்சம் முகத்தில் கண்ணுக்குக் கீழே நிழல் போடும். சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகங்களை மென்மையாக்கும். பேச்சு நீளும். நெதர்லாந்தைச் சேர்ந்த குருயித்தொப் என்ற பௌதிகவியலாளர் 1941-இல் ஒன்றைச் சொன்னார்: மங்கலான வெளிச்சம் என்றால் மஞ்சள் சாய்வுதான் மனதுக்கு இதம், வெளிச்சம் மிகப் பலமாக இருந்தால்தான் நீலம் கலந்த வெள்ளை பிடிக்கும். பிந்திய ஆய்வுகள் அவருடைய வரைபை அப்படியே ஏற்கவில்லை. ஆனாலும் 5 வோட் வெள்ளை பல்ப் ஒன்று தனியே எரியும் விறாந்தையைக் கடந்து போனவர்களுக்கு அவர் எதைக் கண்டு சொன்னார் என்பது விளங்கும். ஆஸ்பத்திரி வாங்கு நினைவுக்கு வரும்.

சாமி அறையில் எண்ணெய் விளக்கு எரிகிறது. அதனுடன் சண்டை போடாத பல்ப் ஒன்று போதும். 2700-க்கு மேல் போகாதீர்கள், 3 வோட் தாராளம். வெள்ளை டியூப் லைட்டின் கீழ் குத்துவிளக்கின் சுடர் வெளிறிப்போகிறது, கருங்கல் விக்கிரகம் தட்டையாகிவிடுகிறது, சந்தனமும் மஞ்சளும் பச்சை அடிக்கின்றன.

கண்ணாடி முன்னால் நின்று பொட்டு வைக்கவும் சவரம் செய்யவும், கண்ணாடிக்கு மேலே ஒன்று போடுவதைவிட இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. 4000, சி.ஆர்.ஐ. 90.

மலைச்சரிவை வெட்டிக் கட்டிய வீடுகள் இந்தப் பகுதியில் ஏராளம். பின் அறையின் ஒரு சுவர் மண் மேட்டோடு ஒட்டியிருக்கும். பகல் 11 மணிக்கும் லைட் போட வேண்டும். அந்த அறைக்குப் பகலில் 4000 முதல் 5000 வரை நல்லது, ஏனென்றால் முன் அறையில் யன்னலால் வரும் வெளிச்சத்தோடு அது ஒத்துப்போகும். மஞ்சள் போட்டால் பட்டப்பகலில் அந்த அறை மட்டும் இரவாகத் தெரியும்.

வயதான அம்மா, அப்பா இருக்கும் வீட்டில் நிறத்தைவிட அளவு முந்துகிறது. வயதாக ஆகக் கண் வில்லை மஞ்சளாகி, கண்மணியும் சிறிதாகிறது; அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்குச் சேரும் ஒளி இருபது வயதுக்காரருக்குச் சேர்வதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நமக்குப் போதுமான வெளிச்சம் அவர்களுக்கு அந்தி. படிக்கட்டு, குளியலறை வாசல், மருந்துப் பெட்டி இருக்கும் இடம் மூன்றிலும் இரட்டிப்பாகப் போடுங்கள். நீல மாத்திரையும் வெள்ளை மாத்திரையும் மாறிப்போகாமல் இருக்க மருந்துப் பெட்டிக்கு மேலே மட்டும் வெள்ளை இருக்கட்டும்.

லயன் அறைக்கு

ரங்கலைப் பக்கத் தோட்ட லயன்களில் ஒரு அறையே ஹோல், படுக்கையறை, பிள்ளையின் படிப்பறை மூன்றும். கூரையின் நடுவில் ஒரு ஹோல்டர், ஒரு பல்ப். உள்துறை அலங்காரப் புத்தகங்கள் இந்த அறையை எண்ணி எழுதப்படுவதில்லை. ஆனால் விளக்கைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதால் அதிகப் பலன் கிடைப்பது இங்கேதான்.

அந்த ஒரு பல்ப்பை ஒன்பது வோட்டிலிருந்து பதினைந்துக்கு ஏற்றாதீர்கள். அதற்குப் பதிலாக இரண்டு வாங்குங்கள். கூரை ஹோல்டருக்கு 7 வோட் மஞ்சள். பிள்ளை எழுதும் இடத்துக்கு 5 வோட் மேசை விளக்கு, 4000 கெல்வின், வலக்கைக்காரப் பிள்ளைக்கு இடப்பக்கமிருந்து வரும்படி. இரண்டும் சேர்ந்தும் 12 வோட்தான். பிள்ளையின் கொப்பியில் பலமான வெளிச்சம் விழும். தரையில் படுத்திருக்கும் தம்பி, தங்கையின் கண்ணில் விழாது. சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்திருந்தால் அதே பல்ப் இன்னும் பிரகாசமாகத் தெரியும். புகை படிந்து கறுத்த சுவர் தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. லைட்டுக்குச் செலவழிக்கும் முன் சுவருக்கு ஒரு பூச்சுக் கொடுங்கள். இஸ்தோப்புக்கு 3 வோட் மஞ்சள் போதும்.

பொழுதும் தூக்கமும்

நம் கண்ணில் பார்ப்பதற்கான செல்களைத் தவிர, பொழுதை அறிவதற்கென்றே வேறு செல்களும் இருக்கின்றன. இது உறுதியானது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அவை நீலம் சார்ந்த ஒளிக்கு மிகக் கூர்மையாகப் பதில் சொல்பவை. நீலம் பலமாக விழுந்தால் "இன்னும் பகல்தான்" என்று மூளைக்குச் சொல்லி, தூக்கத்தைக் கொண்டுவரும் மெலற்றோனின் சுரப்பைத் தள்ளிப்போடும். 2022-இல் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி ஒரு பரிந்துரை வெளியிட்டார்கள். இந்தச் செல்களின் அளவுகோலில், பகலில் கண்ணில் விழும் ஒளி 250 லக்ஸுக்குக் குறையக் கூடாது. படுப்பதற்கு முந்திய 3 மணித்தியாலத்தில் 10 லக்ஸுக்கு மேல் போகக் கூடாது. ஒரே அளவு பிரகாசமாகத் தெரிந்தாலும், 6500 கெல்வின் பல்ப் இந்தச் செல்களை உசுப்புவதில் பாதிகூட 2700 பல்ப் உசுப்புவதில்லை.

நம் நாட்டில் அந்தி குறுகியது. மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிய அரை மணித்தியாலத்துக்குள் இருட்டிவிடுகிறது. வானம் செம்மஞ்சளிலிருந்து கறுப்புக்குப் போகும் அந்த நேரத்தில் சுவிட்சைப் போட்டு, வீட்டுக்குள் மறுபடி நண்பகலைக் கொண்டுவருகிறோம். பத்து மணிக்குப் பிள்ளை தூங்கவில்லை என்று கோபிக்கிறோம். போனும் டீவியும் காரணமாகலாம்; கூரையில் இருக்கும் வெள்ளையும் ஒரு காரணம், அதைத்தான் சுலபமாக மாற்றலாம்.

ஆகவே படுக்கையறைக்கு மஞ்சள் தவிர வேறு வேண்டாம். எட்டு மணிக்குப் பிறகு ஹோலின் வெள்ளையையும் அணைத்துவிடுங்கள். புலமைப்பரிசில், சாதாரண தரப் பரீட்சை என்று இரவில் படிக்கும் பிள்ளைக்கு மேசை விளக்கு மட்டும் எரியட்டும், அறை முழுக்க வேண்டாம். விடிய ஐந்து மணிக்கு எழுப்பிப் படிக்கவைக்கும் வீடுகளில் நிலைமை தலைகீழ். அப்போது 6500 வெள்ளை மிக நல்ல நண்பன். தூக்கக் கலக்கத்தை அது போக்கும். நோன்பு மாதத்தில் சஹருக்கு எழும்பிவிட்டு மறுபடி படுக்க நினைப்பவர்கள் மஞ்சளிலேயே சாப்பிட்டு முடிக்கட்டும். இரவில் குளியலறைக்குப் போகும் வழியில் தரைக்கு அருகே ஒரு வோட் செம்மஞ்சள் விளக்கு இருந்தால் கால் தடுக்காது, தூக்கமும் கலையாது.

இதற்கெல்லாம் விலையுயர்ந்த ஏற்பாடு தேவையில்லை. புது வீடு கட்டுபவர்கள் ஒவ்வொரு அறைக்கும் இரண்டு சுவிட்ச், இரண்டு வயர் போடும்படி வயரிங் பாஸிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். ஒன்றில் வெள்ளை, மற்றதில் மஞ்சள். கட்டி முடிந்த வீட்டில், சுவிட்சை அணைத்துப் போட்டால் மஞ்சள், நடுநிலை, வெள்ளை என்று மாறும் விளக்குகள் உதவும். டிம்மர் பொருத்த நினைத்தால், அதற்கேற்றது என்று பெட்டியில் எழுதிய பல்ப் மட்டுமே வாங்க வேண்டும். சாதாரண எல்.ஈ.டி. டிம்மரில் துடிக்கும், சீக்கிரம் செத்தும் போகும்.

சுவருக்கு நிறம் பூசுவது விளக்கைத் தீர்மானித்த பிறகு. இதை மாற்றிச் செய்வதால் வீணாகும் பெயின்ட் கொஞ்சமல்ல. கடையில் தரும் தாள் துண்டை நம்ப வேண்டாம். சிறிய டின் ஒன்று வாங்கி, பெரிய மட்டையில் பூசி, உங்கள் அறையில், உங்கள் பல்ப்பின் கீழ், இரவில் பாருங்கள். வெளிர் பச்சைச் சுவரும் 6500 பல்ப்பும் சேர்ந்தால் உள்ளே இருப்பவர் முகமும் பச்சை அடிக்கும். கிறீம் நிறம் 2700-இல் அழுக்கு மஞ்சளாகலாம். அந்த அறைக்கு 3000 அல்லது 3500 தேடுங்கள்.

வாசலும் மழையும்

முதல் மழைக்குப் பிறகு ஈசல் கிளம்பும் மாலைகளில் வாசல் விளக்கின் கீழ் நடக்கும் கூத்து எல்லோருக்கும் தெரியும். பூச்சிகளை அதிகம் இழுப்பது நீலமும் கண்ணுக்குத் தெரியாத ஊதாக் கடந்த கதிரும். மஞ்சள் எல்.ஈ.டி.யில் இரண்டும் குறைவு. வாசலுக்கும் விறாந்தைக்கும் 2700 அல்லது அதற்கும் கீழே போட்டால் ஈசலும் அந்துப்பூச்சியும் முழுதாக நிற்காது, ஆனால் கூட்டுவதற்கு விளக்குமாறு எடுக்கும் அளவு குறையும்.

1985-இல் திறந்த விக்டோரியா அணை நமக்குப் பக்கத்தில் இருக்கிறது; 122 மீற்றர் உயரம், 210 மெகாவோட் மின் நிலையம். அதனால் நம் பகுதிக்குக் கரண்ட் சீராக வரும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த மின்சாரம் நாடு முழுவதற்குமான வலையில் சேர்கிறது. உங்கள் வீட்டு மின்னழுத்தம் உங்கள் பாதையின் டிரான்ஸ்போமரையும், அதிலிருந்து வீடு எவ்வளவு தூரம் என்பதையும் பொறுத்தது. பாதைக் கடைசியில் இருக்கும் வீடுகள் பெட்டியில் 220–240 என்று மட்டும் போட்ட பல்ப்பைத் தவிர்த்து, 100–265 போன்ற அகன்ற வீச்சு எழுதியதை வாங்குங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி மின்னலுக்கு எல்.ஈ.டி. நிறையப் பலியாகிறது, வானம் கறுத்தால் பிரதான சுவிட்சை இறக்கிவிடுவது பல்ப்புக்கும் நல்லது, பிரிட்ஜுக்கும் நல்லது. 2022 மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய பற்றரி பல்ப்கள் அநேகமாக 6500 வெள்ளைதான். கரண்ட் இல்லாத இரவில் அவற்றை முகத்துக்கு நேரே வைக்காமல் சுவரை நோக்கித் திருப்பி வையுங்கள்.

பழைய சி.எப்.எல். பல்ப் இன்னும் எரிந்தால் எரியட்டும், முடியும்வரை பாவியுங்கள். உடைந்தால் மட்டும் கவனம்: உள்ளே சிறிதளவு பாதரசம் உண்டு. பிள்ளைகளை வெளியே அனுப்பி, யன்னலைத் திறந்து, கால் மணி நேரம் கழித்து மட்டைத் துண்டால் கூட்டி எடுத்து, மூடிய போத்தலில் போடுங்கள். விளக்குமாறு பாவிக்க வேண்டாம்.

கடையில் நிற்கும்போது

வாங்கும் நாளில் ஒரு சிவப்புத் துணித் துண்டும் ஒரு கறிவேப்பிலைக் கொத்தும் கொண்டுபோங்கள். கடைக்காரரிடம் பல்ப்பை எரியவைக்கச் சொல்லி, முதலில் உங்கள் உள்ளங்கையைக் கீழே பிடியுங்கள். கையில் இரத்த ஓட்டம் தெரிய வேண்டும். சாம்பலாகத் தெரிந்தால் அந்தப் பல்ப் சாப்பாட்டு மேசைக்கு ஆகாது. பிறகு துணி சிவப்பாகவே இருக்கிறதா, இலை பச்சையாகவே இருக்கிறதா என்று பாருங்கள். போன் கமராவை விளக்குக்கு அருகே பிடித்தால் திரையில் கறுப்புக் கோடுகள் பலமாக ஓடுகின்றனவா? அப்படியானால் பல்ப் துடிக்கிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சிலருக்கு அதனால் தலையிடி வரும். படிக்கும் மேசைக்கு அதை வாங்காதீர்கள்.

ஹோல்டர் பின் வகையா திருகு வகையா என்று வீட்டில் பார்த்துவிட்டுப் போங்கள். ஒரே அறையில் எரியப்போகும் பல்ப்களை ஒரே நேரத்தில், ஒரே கம்பனியில் வாங்குங்கள். இரண்டு கம்பனியின் 3000 பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றாக இருக்காது. உத்தரவாதம் உள்ள பல்ப் என்றால் பில்லைப் பத்திரப்படுத்தி, மாட்டிய திகதியை மார்க்கர் பேனையால் பல்ப்பின் வெள்ளைக் கழுத்திலேயே எழுதிவிடுங்கள். மாற்றித் தரச் சொல்லிக் கடைக்குப் போகும்போது அந்தத் திகதியும் பில்லும் சேர்ந்து பேசும்.